தனிக்கணக்கு

ஒட்டுக்கேட்பது தப்பு என்று டைல்ஸ்காரருக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனால் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஜன்னல். வெங்காயம் நறுக்குகிற மனுஷன் காதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டா நறுக்க முடியும்? பால்கனியில் அவர் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தாள். கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு பேசியதால் பாதிப் பேச்சு அங்கேயே தங்கிவிட்டது. மீதி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

“ஆமாங்க, நல்லா யோசிச்சுட்டேன். அவருக்குத் தனியாப் பண்ணிடலாம். இல்லைங்க, அவர்கிட்ட இன்னும் சொல்லலை. சொன்னா கிளம்பியே வரமாட்டாரு. நேரா கூட்டிட்டு வந்துடறேன். கையெழுத்துப் போட்டாப் போதும்ல?”

கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது.

உங்களிடம் மறைப்பானேன், அவள் பேசியது ஓய்வூதிய நிதி அலுவலகத்தோடு. சம்பாதிக்கிற ஒருவர், சம்பாத்தியம் இல்லாத தன் கணவன் பெயரிலோ மனைவி பெயரிலோ வயசான காலத்துக்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, தன் சம்பளத்திலிருந்து அதில் போட்டுவரலாம் என்று ஒரு திட்டம் உண்டு. அதைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தாள். நல்ல காரியம்தான். ஆனால் நம்மாளுக்கு அது எங்கே தெரியும்? அவர் காதில் தங்கியது ‘தனி’யும் ‘கையெழுத்து’ம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் புருஷனுக்கும் விவாகரத்து என்றுதான் வாசிக்க வரும். அதிலும் இந்தத் ‘தனி’ இருக்கிறதே, நம் குடும்பங்களில் அது நல்ல சேதியோடு வந்ததே கிடையாது. தனிக்குடித்தனம் என்றால் ஒரு சண்டை முடிந்திருக்கிறது. தனி அடுப்பு என்றால் ஒரு சண்டை தொடங்கியிருக்கிறது.

வெங்காயம் கையில் இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டியவர். ஊரில் பாதிக் குளியலறைகள் அவர் கைவேலை. ஒருநாள் ஒரு வீட்டு ஹாலில் கடைசிக் கல்லை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார், எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். மூட்டு தேய்ந்துவிட்டது, இனிமேல் குந்தி உட்காரக்கூடாது, முட்டி போடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். டைல்ஸ்காரன் முட்டி போடக்கூடாது என்றால் வேறு எதை வைத்துத்தான் பிழைப்பது? அன்றோடு வீட்டில் இருக்கத் தொடங்கியவர்தான், மூன்று வருஷம் ஓடிவிட்டது. மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டை இவர் ஓட்டுகிறார்.

நன்றாகவே ஓட்டினார். சமையல், துணி, மகளின் பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய் ஒழுகல், எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் வெளியே யாராவது “இப்ப என்ன பண்றீங்க?” என்று கேட்டுவிட்டால் போதும், “காண்ட்ராக்ட் எடுத்துப் பண்றேன், ஒரு பெரிய வேலை பேசிட்டு இருக்கேன்” என்று அள்ளி விடுவார். மூன்று வருஷமாக அந்தப் பெரிய வேலை பேச்சிலேயே இருந்தது. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வீட்டுக்கு வருகிறான் என்று தெரிந்தால் இன்னும் மோசம். ரசமட்டமும் சுத்தியும் கட்டரும் இருக்கிற கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “சைட்டுக்குப் போயிட்டு வர்றேன்” என்று கிளம்பிப் பூங்கா பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பார். அவன் போன பிறகு, களைத்த முகத்தோடு திரும்பி வருவார். மனைவிக்கு எல்லாம் தெரியும். அவள் பேருந்து அந்தப் பூங்காவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. ஒரு நாளும் அவள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பே இல்லை. மகள் தட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். மனைவி, “நாளைக்கு எனக்கு மத்தியானம்தான் டூட்டி. காலையில ஒரு ஆபீஸ் வரைக்கும் போகணும், நீங்களும் வாங்க” என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவள்தான், எதற்கு என்று கேட்க மாட்டேன் என்கிறாரே, உடம்பு சரியில்லையோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

காலையில் அவர் முகச்சவரம் செய்துகொண்டார். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வாசலுக்கு வந்தவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு உள்ளே போய்க் கருவிப்பையையும் தூக்கிக்கொண்டார். வக்கீல் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்பதாவது! நாலு காசு சம்பாதிக்கிறவன் மாதிரியாவது தெரிய வேண்டாமா?

“இது எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“அங்கேர்ந்து அப்படியே சைட்டுக்குப் போகணும்.”

அவள் அவர் தோளிலிருந்து பையின் ஒரு பக்க வாரை மட்டும் தன் கையில் வாங்கிக்கொண்டாள். மூட்டுக்குப் பாரம் ஆகாது அல்லவா.

பேருந்தில் அவளோடு போவது ஒரு அவஸ்தை. ஓட்டுகிறவர் பிரேக் போடுவதற்கு முன்பே இவள் வலது கால் தரையை மிதிக்கும். யார் ஓட்டினாலும் அவளுக்குத் திருப்தி வராது. வழக்கமாக அவர் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார். இன்று ஜன்னலைப் பார்த்தபடி மெல்ல ஆரம்பித்தார்.

“பாப்பா யார்கிட்ட இருப்பா?”

“ஸ்கூல்ல இருப்பா. இதென்ன கேள்வி?”

கொஞ்ச தூரம் போனது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாத்திரம் பண்டம் எதுவும் நான் கேக்க மாட்டேன். அந்தப் பெரிய குக்கர் மட்டும் எனக்கு வேணும். அது என் கைக்குப் பழகிடுச்சு.”

“குக்கரை யாரு இப்பத் தூக்கிட்டுப் போறாங்க?” என்று சொல்லிவிட்டு அவள் அவரை உற்றுப் பார்த்தாள். அதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது. அவள் கால் தரையை ஓங்கி மிதித்தது.

அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. வயசானவர்களுக்கான பணத்தைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்தை லிஃப்ட் இல்லாத மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ, அவனுக்கு மூட்டு நன்றாக இருந்திருக்க வேண்டும். படிக்குப் படி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, டைல்ஸ்காரர் ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தார். கதவுக்கு மேலே பலகை இருந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் மாதிரி நின்று படித்தார். ஓய்வூதிய நிதி.

“வக்கீல் ஆபீஸ் எந்தப் பக்கம்?”

“எந்த வக்கீல்?”

அவர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லை. வெங்காயம், ஜன்னல், தனி, கையெழுத்து என்று ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே போனது. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எப்படிப்பட்ட சிரிப்பு என்றால், பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். “குக்கர்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள்.

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. நிம்மதி வந்தால் பின்னாலேயே கோபமும் வருவது அவர் சுபாவம்.

பெஞ்சில் உட்கார வைத்து, அவள் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். டிப்போவில் ஒரு நாள் யாரோ வந்து எல்லாருக்கும் இந்தத் திட்டத்தை விளக்கினார்களாம். அது கூட்டுக் கணக்காக இருக்க முடியாதாம், அதுதான் சட்டமாம். போடுவது அவளாக இருந்தாலும் கணக்கு அவருடைய தனிக்கணக்கு. ஒருமுறை போட்டுவிட்டால் அவளே நினைத்தாலும் அதில் கை வைக்க முடியாது. அறுபது வயசானதும் மாதாமாதம் அவர் கைக்கு வரும். சொல்லி முடித்துவிட்டு, இரண்டு வருஷம் வீணாகப் போய்விட்டது, அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமலே போய்விட்டது, இந்த வருஷத்துக்கு இன்றுதான் கடைசி நாள் என்றாள்.

“சொல்றதுக்கு என்ன?” என்றார்.

“சொந்தச் சம்பாத்தியம் இல்லாதவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. எனக்குச் சம்பாத்தியம் இல்லைன்னு நீங்களே உள்ள இருக்கிற ஆபீசர்கிட்ட சொல்லணும். சொல்லித்தான் கையெழுத்துப் போடணும். உங்களுக்குப் பதிலா நான் சொல்ல முடியாது.”

டைல்ஸ்காரர் தரையைப் பார்த்தார். வாயடைத்துப் போனால் அவர் பார்ப்பது எப்போதும் தரையைத்தான். செருப்பு நுனியால் ஒரு கல்லைத் தட்டினார், ‘பொக்’ என்றது. அடியில் கலவை சரியாகப் பிடிக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். மேலே பார்த்தால் பளபள என்று இருக்கும், ஒருநாள் பாரம் ஏறினால் விரிசல் விட்டுவிடும். வேறு நாளாக இருந்தால் யார் ஒட்டியது என்று கேட்டு அவனைத் திட்டியிருப்பார்.

“உன் உழைப்பு. ராவும் பகலும் ஸ்டியரிங் பிடிக்கிறது நீ. அதை எடுத்து என் பேர்ல எதுக்குப் போடணும்? சாப்பாடு போடுற, துணி எடுத்துத் தர்ற. அது போதாதா?”

அவள் சிரிப்பு போய்விட்டது.

“போன மாசம் குப்பைக் கூடையில உங்க மூட்டுவலிக் களிம்புக் குழாயைப் பார்த்தேன். கத்தரிக்கோலால ரெண்டா வெட்டி, உள்ள இருக்கிறதை விரலால வழிச்சு எடுத்திருக்கீங்க. அப்புறம் மூணு வாரம் வலியோட நடந்தீங்க. புதுசு வாங்கக் காசு குடுன்னு என்கிட்ட கேக்கலை.”

அவர் மூட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

“நான் ரிட்டயர் ஆனா எனக்குப் பென்ஷன் வரும். உங்களுக்கு என்ன வரும்? அறுபது வயசுலயும் நீங்க குழாயை வெட்டிட்டு இருக்கணுமா? அதை என்னால பார்த்துட்டு இருக்க முடியாதுங்க.”

கடைசிச் சொல்லில் அவள் குரல் கம்மியது. இத்தனை வருஷத்தில் அவள் கண்கலங்கி அவர் அதிகம் பார்த்ததில்லை. நெரிசலில் பேருந்தைக் குறுக்கே நிறுத்தி நாலு பேரை வாங்கு வாங்கென்று வாங்குகிறவள் அவள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தபோது அவர்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அலுவலர் ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தார். பேசுவதற்கென்று கண்ணாடியில் விட்டிருந்த ஓட்டை இடுப்பு உயரத்தில் இருந்தது, வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து கும்பிடு போட வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்த மாதிரி. நல்லவேளை, இரண்டு நாற்காலி இருந்தது. டைல்ஸ்காரர் உட்கார்ந்து கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே சுத்தி கட்டரில் இடித்துச் சத்தம் போட்டது.

அலுவலர் பெயர் கேட்டார், முகவரி கேட்டார், பிறந்த தேதி கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தொழில் என்ன என்று கேட்டார்.

“டைல்ஸ் காண்ட்ராக்ட்.”

யோசித்துச் சொன்னது இல்லை. மூன்று வருஷப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

அலுவலர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார், மடியிலிருந்த பையைப் பார்த்தார்.

“வேலைக்குப் போறீங்களா? அப்ப இந்தக் கணக்கு உங்களுக்கு வராதுங்களே. சம்பாத்தியம் இருக்கிறவங்க அவங்க வருமானத்துலதான் போடணும்.”

டைல்ஸ்காரர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்தது. அவள் சொல்லவில்லை. அலுவலர் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி முன்னால் காட்டிக் கொடுக்காதவள், பூங்கா பெஞ்சைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பேருந்தைத் திருப்பிக்கொண்டு போனவள், இங்கேயும் காட்டிக் கொடுக்க மாட்டாள். இந்த வருஷமும் வீணாகப் போனால் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். மத்தியானம் டூட்டிக்கும் போய்விடுவாள். அது அவருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் தன் பொய்யைத் தான் மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாரே, இவளும் அல்லவா ஒரு பக்கத்து வாரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள்!

பையை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தார்.

“இல்லைங்க. பழக்கத்துல சொல்லிட்டேன். முன்னாடி டைல்ஸ் வேலை பார்த்தேன், மூட்டு போயிடுச்சு. மூணு வருஷமா எனக்குச் சம்பாத்தியம் இல்லை. வீட்டைப் பார்த்துக்கறேன்.”

சொல்லிவிட்டு, இடி ஏதாவது விழுகிறதா என்று காத்திருந்தார். ஒன்றும் விழவில்லை. பக்கத்துத் தடுப்பில் யாரோ பேனா இரவல் கேட்டார்கள்.

அலுவலர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தார். உடனே நிறுத்தினார். திரையில் மேலும் கீழும் தேடினார், காதைச் சொறிந்துகொண்டார்.

“ஒரு சின்னச் சிக்கல் சார். வருமானம் இல்லாதவங்களுக்கு இதுல ரெண்டே வார்த்தைதான் குடுத்திருக்காங்க. ஒண்ணு ‘வேலை தேடுபவர்’, இன்னொண்ணு ‘இல்லத்தரசி’. வீட்டைப் பார்த்துக்கற ஆம்பளைக்கு வார்த்தையே வைக்கலை. வேலை தேடுறவர்னு போட்டுடட்டுமா? எதைப் போட்டாலும் கணக்கு வந்துடும். பார்க்கிறவங்களுக்கும் கௌரவமா இருக்கும்.”

நேற்றாக இருந்தால் அவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருப்பார். பெரிய வேலை பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அது பக்கத்து வீடு மாதிரி. அவர் ஒருதரம் யோசித்துப் பார்த்தார். காலையில் மகளுக்குப் பின்னல் போட்டு அனுப்பியது, குக்கரை இறக்கி வைத்தது, மனைவியின் சீருடைக்கு இஸ்திரி போட்டது எல்லாம் நினைவுக்கு வந்தது.

“நான் எதையும் தேடலைங்க. இல்லத்தரசின்னே போடுங்க.”

அலுவலருக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. மனைவிக்கு அந்தச் சந்தேகம் எல்லாம் இல்லை. மறுபடியும் முந்தானை வாய்க்குப் போனது. இந்த முறை டைல்ஸ்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அலுவலர் அந்தக் கலகலப்பில் சேர்ந்துகொண்டு, பாவம், தும்மினார்.

“கடைசியா ஒண்ணு சார். உங்களுக்கு அப்புறம் இந்தப் பணம் யாருக்குப் போகணும்?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. மூன்று வருஷமாக வாங்கிக்கொண்டே இருந்த மனுஷன். யாருக்கும் எதையும் கொடுக்கிற இடத்தில் தான் இல்லை என்றே முடிவு செய்துவிட்டவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவியின் முழுப் பெயரையும் அவள் அப்பா பெயரோடு சேர்த்து, எங்கேயும் பிழை வந்துவிடக் கூடாது என்று, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அலுவலர் அடித்து முடித்துத் திரையைத் திருப்பிக் காட்டியதும் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ச் சரிபார்த்தார். உறவு என்ன என்று அலுவலர் கேட்டார். மனைவி என்றார், கொஞ்சம் சத்தமாகவே. அவள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவரைப் பார்த்தாள். பிறகு அவர் கையெழுத்துப் போட்டார்.

இறங்கும்போது பையை அவளே வாங்கிக்கொண்டாள், அவரும் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான் என்று அவள் பாதிப் படியில் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் பார்த்தாள். வரட்டும், என்ன சமைக்கலாம் என்று கேட்டுச் சொல் என்றார். அடுத்த படியிலிருந்து அவள் அவர் வேகத்துக்குச் சரியாக நடந்தாள்.

கீழே மருந்துக் கடை வாசலில் அவர் நின்றுவிட்டார். நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

“ஏம்மா, மூட்டுக்குக் களிம்பு தீர்ந்துபோச்சு. காசு குடு.”

அவள் கைப்பையைத் திறந்தாள். தேடத் தேட ஏனோ கைக்கு எதுவும் அகப்படவில்லை. கண்ணை ஒருதரம் துடைத்துக்கொண்ட பிறகுதான் பர்ஸ் தெரிந்தது.

“பெரிய குழாயா வாங்குங்க” என்று பர்ஸை அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.